ஒரு மரமும் ஓர் ஊரும்

மத்தியதரைக் கடலோரச் சிற்றூர்களின் வரலாற்றைப் படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். மழை குறைந்த மேட்டு நிலங்களில் ஒலிவ மரமே அவ்வூர்கள் பலவற்றைத் தாங்கி நின்றது. காய் பறித்தலும் எண்ணெய் ஆட்டுதலும் அங்கே ஊர் கூடிச் செய்யும் காரியங்கள். அத்தகைய வாழ்வு நமக்கு அயலானதன்று. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையில் ஒலிவத்தின் இடத்தில் முந்திரி நிற்கிறது.

பேட்டை என்பது வாணிகமும் தொழிலும் கூடும் இடத்தைக் குறிக்கும் சொல். அலங்கார அன்னை ஆலயத்தைச் சுற்றி வாழும் இப்பேரூரில், விழாவும் திருமணமும் கடன் தீர்ப்பும் முந்திரி விளைச்சலை எதிர்நோக்கியே இருந்துவந்தன. இத்தனைக்கும் அம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தது அது.

தை, மாசியில் மரம் பூக்கும். பங்குனி முதல் வைகாசி வரை பழம் உதிரும். விடியலில் குடும்பமே தோப்புக்குச் சென்று, உதிர்ந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கும். பழம் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. கொட்டையோ காய்ந்தால் பல மாதம் இருக்கும். நம் பாடம் இங்குதான் தொடங்குகிறது.

கொட்டையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, ஈரத்தை ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துப் பருப்பு நிறம் மாறும். தோட்டில் உள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்குவதால், வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைப்பர். 4 கிலோ கொட்டைக்குச் சுமார் 1 கிலோ பருப்புக் கிடைக்கும். முழுப் பருப்பை எண்ணிக்கையால் தரம் பிரிப்பர்; '320' என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, ஏறக்குறைய அத்தனை பருப்பு என்பது பொருள். எண் குறையக் குறையப் பருப்புப் பெரிது, விலையும் உயர்வு.

நிற்க. உலர்த்தல், சேமித்தல், உடைத்தல், தரம் பிரித்தல் ஆகிய ஒவ்வொரு படியிலும் ஊதியம் உண்டு. கைமாற்றுக் கடனுக்கு அஞ்சிப் பச்சைக் கொட்டையை அன்றைக்கே விற்பவர் இவை யாவற்றையும் இழக்கிறார். நூலுக்கு முன்பணம் வாங்கி, தறியிலிருந்து இறங்கிய சேலையை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் நெசவாளர் நிலையும் இதுவே. ஸ்பெயின் நாட்டு அந்தலூசியாவில் ஒலிவ எண்ணெயின் பெரும்பகுதி உழவர்களின் கூட்டுறவு ஆலைகளில் ஆட்டப்படுகிறது. நாமும் பொதுவில் ஓர் உலர்களமும் கிடங்கும் அமைத்து, இருப்பு வைத்த சரக்கின் மேல் ஈட்டுக் கடன் பெற்றால், விலைக்குக் காத்திருக்கும் வலிமை வரும். ஆயினும், இரண்டு காசு கூடுதல் கண்டவுடன் சரக்கை வெளியே விற்கும் உறுப்பினர் இருக்கும்வரை எந்தச் சங்கமும் நிலைக்காது.

படிப்பு வட்டத்தில் ஆராய:

1. நம் விளைவில் எவ்வளவு பச்சையாகவே விலை போகிறது?

2. களமும் கிடங்கும் அமைக்க நம்மிடையே உள்ள தடை பணமா, நம்பிக்கையா?

3. கொட்டை உடைக்கும் பெண்களின் கைக்குக் காப்பும் உழைப்புக்குக் கூலியும் எவ்வாறு உறுதி செய்வோம்?