“ஆர்.சி. பின்னாடியே வந்துடும் சார்”

கார் பிடித்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். விலையும் ஒருவழியாகப் படிந்துவிட்டது. அப்போதுதான் விற்பவர் மெதுவாகச் சொல்கிறார்: “ஆர்.சி. மட்டும் வர ரெண்டு வாரம் ஆகும். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க சார், நான் எங்க ஓடிடப்போறேன்?”

அவர் ஓடமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பழைய கார் வாங்குகிறவர்களை அதிகம் அலைய வைப்பவர்கள், நல்லவர்களாக இருந்தும் கையில் காகிதம் இல்லாதவர்கள்தான். அதனால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இப்போது யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்? காத்திருப்பதா, பாதிப் பணம் கொடுப்பதா, திரும்பிவிடுவதா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

பதிலை நம்புவதற்கு முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரை நட்சத்திரக் குறிகள் பாதி மறைத்திருக்கும். விற்பவரின் ஆதாரோடு ஒப்பிட மீதி எழுத்துகள் போதும். எத்தனையாவது ஓனர், எந்த நிறுவனத்தில் கடன், இன்சூரன்ஸ் என்று முடிகிறது என்பதெல்லாம் தெரியும். சேசிஸ் எண்ணை மட்டும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி. நகலோடு சரிபாருங்கள்.

கடன் அடைந்துவிட்டது, ஆர்.சி.யில் வங்கியின் பெயர் மட்டும் நீங்கவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. வங்கி தரும் என்.ஓ.சி.யையும் படிவம் 35-ஐயும் வைத்து விற்பவரே ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை (ஹெச்.பி.) கேன்சல் செய்துகொள்வார். சிறிய டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம். வங்கிக் கடிதத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சில நிறுவனங்களின் என்.ஓ.சி.யில் காலக்கெடு அச்சிட்டிருக்கும். அது தாண்டியிருந்தால் இன்னொரு கடிதம் வாங்க வேண்டும்.

கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். “நீங்க பணம் குடுத்தா அடைச்சிடுவேன்” என்பார். வண்டி விலை நான்கு லட்சம், பாக்கிக் கடன் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று வையுங்கள். நான்கு லட்சத்தையும் அவர் கையில் கொடுப்பது ஒரு வழி. வட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்றால் அந்தப் பணம் கார் கடனுக்குப் போகாது. இன்னொரு வழி, அவரோடு சேர்ந்து வங்கிக்கே போவது. முன்கூட்டியே கணக்கை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும், கடன் கணக்கு எண் என்ன என்று எழுத்தில் வாங்கி, நீங்களே நேராகக் கடன் கணக்கில் போடலாம். நானாக இருந்தால் இந்த இரண்டாவது வழியில்தான் போவேன், அதுவும் போடும் பணம் வண்டி விலையில் அட்வான்ஸ் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிறகு.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அதே வங்கியில் அவருக்கு கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால், கார் கடன் முடிந்தும் வங்கி என்.ஓ.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் பணம் போயிருக்கும், காகிதம் வராது. மேலாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, “இவர் பேரில் வேறு பாக்கி ஏதாவது இருக்கா சார்?” என்று விற்பவரை வைத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு அவ்வளவு சங்கடம் தாங்கும்.

விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் வேறாக இருந்தால்? “ஃபர்ஸ்ட் ஓனர் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இருக்கு, ஓப்பனாவே தர்றேன், நீங்க எப்ப வேணாலும் மாத்திக்கலாம்” என்று மடித்த தாளை நீட்டுவார்கள். புரோக்கர்களிடம் இது சகஜம். என் முடிவு இதில் ஒன்றே: அந்த முதல் ஓனர் நேரில் வந்தால் பேசலாம், வராவிட்டால் கிளம்பிவிடலாம். தாளில் கையெழுத்து இருக்கும், ஆனால் பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அவருடைய மொபைலுக்குத்தான் போகும். கையெழுத்து பொருந்தவில்லை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால், முகம் தெரியாத ஒருவரை ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும்.

பதிவில் உள்ள பெயர் எவ்வளவு கனமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. பதிவு மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. விபத்தில் உயிர் போனபோது, இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர் என்று தீர்ப்பானது. இதை விற்பவரிடம் சொல்லுங்கள். பெயர் மாறும்வரை பயப்பட வேண்டியவர் நாம் மட்டுமல்ல என்று தெரிந்தால், அவர் கால் தானாக ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம் நடக்கும். சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும்.

ஓனர் இறந்துவிட்டால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் பணம் பேசாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. வெளிமாநில வண்டியென்றால், புதுச்சேரிப் பதிவு உட்பட, அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியைக் கணக்குப் போட்ட பிறகும் விலை மலிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சரி, வண்டியை எடுத்துக்கொள்வதா? முடிந்தவரை வேண்டாம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் கார் நசுங்கினால் கிடைக்கும் தொகை அப்படி வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், அதற்கு ஆர்.சி. கேட்பார்கள். ஆக அந்த இரண்டு வாரமும் நீங்கள் ஓட்டுவது, இடித்தால் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டிய கார். நோ கிளெய்ம் போனஸும் விற்றவரோடு போய்விடும், வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். கணிசமான தொகையை நிறுத்தி வையுங்கள். ஐயாயிரம் பத்தாயிரத்தை நிறுத்தினால் யாரும் அதற்காக அலுவலகம் ஏறி இறங்க மாட்டார்கள்.

இந்த அலைச்சலே வேண்டாம் என்பவர்களுக்கு டீலர் வழி இருக்கிறது, விலை கூடும். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒருவர் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி-யில் தெரிவித்துவிட்டால் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றத்துக்கும் என்.ஓ.சி.க்கும் அவரே விண்ணப்பிக்கலாம். காலி மனையில் நாலு கார் நிறுத்தி விற்பவர் எல்லாரும் அந்த அங்கீகாரச் சான்று வாங்கியவர்கள் இல்லை. கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றினால் அவரும் புரோக்கர்தான்.

நேரடியாக வாங்குவதென்றே முடிவானால், பழைய இ-சலான் பாக்கியைத் தீர்க்கச் சொல்லி, அவருடைய ஃபாஸ்டேக்கையும் நீக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த “ரெண்டு வாரம்” என்பதைத் தேதி போட்டு எழுதித் தரக் கேளுங்கள்: இந்தத் தேதிக்குள் பெயர் மாறாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப. பேனாவை எடுத்தால் நல்லது. “என்ன சார், என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றால், மெக்கானிக்குக் கொடுத்த கூலியோடு நஷ்டத்தை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.