மாவட்டம், வட்டம், கிராமம்: படிவம் எழுதும் மாணவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கணினி படிக்க நம் பிள்ளைகள் இனி வெளியூர் போகத் தேவையில்லை. இறுதியாண்டில் இருப்பவர்கள் சிலர் ஆண்டுதோறும் தங்கள் ப்ராஜெக்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ரத்த தானம், விடுதிச் சேர்க்கை, விவசாயிகள் பதிவு என்று தலைப்பு எதுவானாலும் உள்ளே ஒரு படிவம் இருக்கும். அதில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று மூன்று டிராப்டவுன்கள். மேலே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரியவை மட்டும் கீழே வர வேண்டும். தேர்ந்தெடுத்தது பிசகாமல் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலானவர்கள் இடறுவது இந்த இரண்டாவது வேலையில்தான்.

ஏன் இந்த வழியில் செய்தாய் என்று கேட்டால், "ரியாக்ட் தெரிஞ்சாதான் சென்னையில வேலைன்னு சீனியர் அண்ணன் சொன்னாரு" என்கிறான் ஒருவன். "அப்பா ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்குப் பணம் கட்டிட்டாரு சார், அதையேதான் ப்ராஜெக்ட்லயும் போடணும்னு சொல்றாரு" என்கிறாள் இன்னொருத்தி. வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரும் படித்தால் நல்லது.

முதலில் நம் மாவட்டத்தைப் பாருங்கள்

பட்டா சிட்டா பார்க்கும் அரசு இணையதளத்தை நம் வீடுகளில் எல்லோரும் ஒருமுறையாவது திறந்திருப்போம். மாவட்டம் கேட்கும், வட்டம் கேட்கும், கிராமம் கேட்கும், அதன்பிறகு புல எண்ணும் உட்பிரிவும் கேட்கும். இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், முந்நூற்றுச் சொச்சம் வட்டங்கள், 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் உள்ளன. எந்த வழியைப் பிடிப்பது என்பதை இந்த எண்ணிக்கைகளே சொல்லிவிடும்.

பட்டியல்கள் நிலையானவை அல்ல என்பதையும் நம் மண்ணே காட்டுகிறது. தென்னாற்காட்டிலிருந்து 1993இல் பிரிந்தது விழுப்புரம் மாவட்டம். அதிலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. உளுந்தூர்பேட்டை, சின்னசேலம், திருக்கோவிலூர் எல்லாம் அங்கே போயின. திண்டிவனம் வட்டத்திலிருந்து மரக்காணம் தனி வட்டமானது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்பது வட்டங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் நிலையில்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயரையே தரவுத்தளத்தில் சேமித்து வைத்த படிவங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே திரையில் பெயர், உள்ளே குறியீட்டு எண். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி கோப்பகம் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் கிராமத்துக்கும் எண் வைத்திருக்கிறது. அந்த எண்ணை ஆப்ஷனின் வேல்யூவாக வையுங்கள். சின்னசேலம்போல ஒரு வட்டம் வேறு மாவட்டத்துக்கு மாறும் நாளில் உங்கள் வட்ட அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

பிரவுசர் எதை அனுப்புகிறது என்பதையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். செலக்டின் நேம் போகும், தேர்ந்தெடுத்த ஆப்ஷனின் வேல்யூ போகும். ஐடி போகாது. நேம் இல்லாத செலக்ட் எதையுமே அனுப்பாது. வேல்யூ எழுதாமல் விட்டால் ஆப்ஷனின் எழுத்தே போகும். டிசேபிள் செய்த செலக்டும் போகாது. மாவட்டம் தேர்ந்தெடுக்கும்வரை வட்டத்தைப் பூட்டி வைப்பவர்கள், பட்டியல் வந்ததும் பூட்டைத் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மூன்று நேர்வழிகள்

முதல் வழி பழையது. மாவட்டம் மாறியதும் பக்கமே சர்வருக்குப் போய், வட்டங்களோடு திரும்பி வரும். ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் தேவையில்லை. ஆனால் அதுவரை நிரப்பிய பெயர், முகவரி எல்லாவற்றையும் சர்வர் திரும்ப நிரப்பித் தர வேண்டும். அலுவலகத்துக்குள் நாலு பேர் பயன்படுத்தும் படிவத்துக்கு இது போதும்.

இரண்டாவது, எல்லாப் பட்டியலையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு பிரவுசரிலேயே வடிகட்டுவது. 38 மாவட்டம், முந்நூற்றுச் சொச்சம் வட்டம் என்றால் சிறிய ஜேசானில் அடங்கிவிடும். மாவட்டமும் வட்டமும் மட்டும் கேட்கும் படிவத்துக்கு இதுவே சிறந்தது. கிராமங்களையும் இதில் திணிக்காதீர்கள். மேல்மலையனூர் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் செல்போனில் 16 ஆயிரம் பெயர்களை இறக்குவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது, கேட்கும்போது மட்டும் கொண்டுவருவது. வட்டம் மாறியதும் ஃபெட்ச் மூலம் அதன் எண்ணை அனுப்பினால், பிஎச்பியோ வேறு எதுவோ அந்த வட்டத்தின் கிராமங்களை மட்டும் ஜேசானாகத் தரும். மாவட்டம் மாறினால் அதன் வட்டங்களையும் இப்படியே கொண்டுவரலாம். எளிய ஜாவாஸ்கிரிப்டில் முப்பது வரிக்குள் முடியும். நான் இத்தனை ஆண்டுகளாகக் கையாள்வது இதுதான். எனக்கு இதன்மேல் ஒட்டுதல் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விழுப்புரத்தைத் தேர்ந்தெடுத்து உடனே கள்ளக்குறிச்சிக்கு மாற்றினால், மெதுவான இணைப்பில் விழுப்புரத்தின் பதில் பிந்தி வந்து கள்ளக்குறிச்சியின் பட்டியலை அழித்துவிடும். பதில் வந்ததும், இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் மாவட்டத்துக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள். அடுத்து, பழைய பதிவைத் திருத்தத் திறக்கும்போது, பட்டியல் வந்து சேர்ந்த பிறகே பழைய வேல்யூவைப் பொருத்துங்கள். முன்பே பொருத்தினால் அது சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ரியாக்ட் மோகம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நல்ல கருவி. ஒரே திரையில் நூறு பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து நொடிக்கு நொடி மாறும் இடத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். மூன்று டிராப்டவுன் உள்ள படிவத்துக்கு அது தேவையில்லை. ஆனால் இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் எச்டிஎம்எல் படிவம் ஒன்றைக் கையால் எழுதும் முன்பே ரியாக்டில் இறங்குகிறார்கள்.

அதனால் வரும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி விழுப்புரம் மாவட்டத்தையும் வானூர் வட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறாள். வானூரின் எண் ரியாக்டின் ஸ்டேட்டில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு மனம் மாறி மாவட்டத்தைக் கள்ளக்குறிச்சி ஆக்குகிறாள். கீழே புதிய பட்டியல் வருகிறது. ஸ்டேட்டில் இருக்கும் வானூர் எண் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் திரையில் பட்டியலின் முதல் பெயர் தேர்ந்தெடுத்ததுபோலத் தெரிகிறது. அதுவே தனக்கு வேண்டிய வட்டம் என்றால் அவள் எதையும் தொடாமல் அனுப்பு பொத்தானை அழுத்துவாள். ஸ்டேட்டில் இருப்பதையே எடுத்து அனுப்பும்படி எழுதியிருப்பதால், சர்வருக்குப் போவது கள்ளக்குறிச்சி மாவட்டம், வானூர் வட்டம். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, போய்ச் சேருவது வேறொன்று.

மாவட்டம் மாறும் அதே இடத்தில் வட்டத்தையும் கிராமத்தையும் வெறுமையாக்கினால் இது தீரும். ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரி ஏன் வேண்டும் என்பது, வேல்யூ எங்கே இருக்கிறது, எங்கிருந்து போகிறது என்று தெரிந்தவருக்கே புரியும். வீடியோ பார்த்துத் தட்டச்சு செய்தவருக்குப் புரியாது. அவர் ஒரு பேக்கேஜை நிறுவுவார், அது சரிவராவிட்டால் இன்னொன்றை நிறுவுவார். மூன்று பட்டியலுக்காக அவருடைய ப்ராஜெக்ட் கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்திருக்கும். தேர்வாளர் "இந்த வேல்யூ எப்படிப் போகுது?" என்று கேட்டால் பதில் வராது.

பல ஆயிரம் வாங்கிக்கொண்டு சில மாதங்களில் ஃபுல் ஸ்டாக் ஆக்கிவிடுவோம் என்று சொல்லும் இடங்களுக்குப் பெற்றோர் பணம் கட்டும் முன், ஒன்றை மட்டும் கேளுங்கள்: படிவம், தரவுத்தளம், எஸ்க்யூஎல் இவற்றுக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்படை வந்த பிள்ளை ரியாக்டைப் பின்னால் தானாகவே பிடித்துக்கொள்ளும். அடித்தளம் போடாமல் மாடி கட்டியவருக்கு முதல் மழையிலேயே விரிசல் தெரியும்.

எந்த வழியானாலும்

பிரவுசரிலிருந்து வருவதை நம்பாதீர்கள். பட்டியலில் இல்லாத எண்ணை யார் வேண்டுமானாலும் அனுப்ப முடியும். வந்த வட்டம் வந்த மாவட்டத்துக்கு உரியதா, கிராமம் அந்த வட்டத்துக்கு உரியதா என்று சர்வரில் ஒரு வினவலில் சோதியுங்கள். மேலே சொன்ன வானூர்க் குழப்பம் அங்கேயே பிடிபடும். எஸ்க்யூஎல் வரியில் வேல்யூவை ஒட்டவைக்காமல் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள். செல்போன் எண் தவறு என்று படிவம் திரும்பினால், மூன்று பட்டியலும் தேர்ந்தெடுத்தபடியே திரும்பி வர வேண்டும்.

இத்தனையும் பொறுமை கேட்கும் வேலை. எல்லோருக்கும் இது பிடிக்க வேண்டும் என்றில்லை. ஒரு பையனுக்குத் திரையின் அழகில் கண் இருக்கும், ஒரு பெண்ணுக்குத் தரவுத்தளத்தின் ஒழுங்கு பிடிக்கும், இன்னொருவருக்குப் பிழை தேடுவதில் நாட்டம் இருக்கும். மூன்றுக்கும் வேலை உண்டு, மூன்றுக்கும் மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கிறது என்று பார்த்து உங்கள் பிள்ளையின் பாதையை முடிவு செய்யாதீர்கள்.

மாணவர்களே, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை அனுப்பிப் பாருங்கள். என்ன பெயரில் என்ன வேல்யூ போகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். புரியாததைப் புரிந்ததுபோல் கடந்து போகாதீர்கள். ஒரு சிறிய படிவத்தை முழுமையாக அறிந்தவருக்கு எந்தப் புதிய கருவியும் அச்சம் தராது. அவசரப்படாமல் படியுங்கள், உங்களுக்கு எது கைவருகிறது என்று கவனியுங்கள். வேலை உங்களைத் தேடி வரும்.