சத்துமாவு விற்கவும் ரத்தம் கேட்கவும் அதே செல்போன்தான்!

எங்கள் கீழ் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் சத்துமாவுக்குத் தானியம் வறுத்தால் தெருமுனை வரை மணக்கும். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "சும்மா இருக்கிற நேரத்துல நாலு கிலோ அரைச்சு வித்தா என்ன?" என்று ஆரம்பித்தார். மகன் புது செல்போன் வாங்கிக் கொடுத்து, "இதுலயே வித்துடலாம்மா" என்று சொல்லிவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டான். எப்படி விற்பது என்று சொல்லித்தரத்தான் மறந்துபோனான்!

முதல் மாதம் அக்கா என்ன செய்தார் தெரியுமா? தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ படம் போட்டு ஒரு 'குட்மார்னிங்', அதற்குக் கீழே 'சத்துமாவு கிடைக்கும்'. குடும்ப குரூப், கோயில் குரூப், மகனுடைய பழைய ஸ்கூல் குரூப் என்று ஒன்று விடவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் விற்றது மூன்று கிலோ. வாங்கிய மூன்று பேருமே சொந்தக்காரர்கள். அதில் ஒருத்தர் இன்னும் காசு தரவில்லை!

அந்த அக்காவோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் ஊறுகாய் போடுகிறவராக இருக்கலாம், தையல் மெஷின் வைத்திருக்கலாம், அல்லது விற்க எதுவுமே இல்லாமல் ஒரு நல்ல காரியத்துக்கு ஆள் திரட்டுகிறவராக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

யாரிடம் பேசுகிறீர்கள்?

கடை வைத்திருப்பவர் தெருவில் போகிற எல்லோரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. குரூப்பில் கண்டபடி போடுவது அந்த மாதிரி வேலைதான். முதலில் 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்கிற தனிச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இது 2018-ல் வந்தது, காசு கிடையாது. முடிந்தால் வீட்டு நம்பர் வேண்டாம், வியாபாரத்துக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் தொழிலின் பெயர், எந்த ஏரியா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை போட்டு 'கேட்டலாக்' தயாரிக்கலாம். "அரைக் கிலோ என்ன விலை?" என்று நாற்பது பேர் கேட்டாலும் நாற்பது தடவை டைப் அடிக்க வேண்டாம். பதிலை ஒரு தடவை எழுதிச் சேமித்தால் போதும். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வந்தால், 'காலையில் பதில் தருகிறேன்' என்று தானே சொல்லிக்கொள்ளும்.

'பிராட்காஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வசதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே முதல் பாக்கெட் வாங்குகிறவரிடம், "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புதுசா அரைச்சா சொல்றேன்" என்று சொல்லுங்கள். பதிந்துகொண்டவர் கேட்க விரும்புகிறவர். அப்படி முப்பது பேர் கிடைத்தால், கேட்காமல் குரூப்பில் சேர்க்கப்பட்ட முந்நூறு பேரைவிட மேல் என்பது என் கட்சி.

ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கிலேயே வியாபாரம் செய்யாதீர்கள். அதில் 5000 நண்பர்கள்தான் எல்லை. உங்கள் பேரன் பிறந்தநாள் படமும் ஊறுகாய் விலையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். 'பேஜ்' தனியாகத் தொடங்குங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். காசு கொடுத்து விளம்பரம் செய்வது பிறகு. செய்தாலும் உங்களால் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிற சுற்றுவட்டாரத்தை மட்டும் குறித்துக் கொடுங்கள். தாம்பரத்தில் அரைக்கிற மாவை டெல்லிக்காரருக்குக் காட்டி என்ன பிரயோஜனம்?

படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டாம். காலை வெயில் ஜன்னல் வழியாக வருகிற இடத்தில், சில்வர் டம்ளரில் ஆவி பறக்கும் கஞ்சியை வைத்து எடுங்கள். பாக்கெட்டை மட்டும் எடுத்தால் யாருக்கும் பசிக்காது. அக்கா ஒருநாள் கேழ்வரகை முளைகட்டித் துணியில் பரப்பியிருந்ததை அப்படியே எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். அன்றைக்கு மட்டும் ஏழு பேர் கேட்டார்கள். ரோஜாப்பூவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை!

ஒரு போன் வந்தது

இனிதான் முக்கியமான கட்டம். வியாபாரம் சூடு பிடித்ததும் அக்காவுக்கு யாரோ ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். "சும்மா சத்துமாவுன்னு போட்டா எடுக்காது. சுகர்னு ஒரு வார்த்தை சேருங்க." அவரும் வெள்ளை மனசோடு, 'தினமும் ஒரு டம்ளர், 48 நாளில் சர்க்கரை நோய் பறந்து போகும்' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

நான்காம் நாள் போன். வயதான குரல். "ஏம்மா, நீ போட்டிருந்ததைப் படிச்சேன். ரெண்டு கிலோ வேணும். எனக்குப் பன்னெண்டு வருஷமா சுகர். இதைக் குடிக்க ஆரம்பிச்சா மாத்திரையை உடனே நிறுத்திடலாமா, இல்ல 48 நாள் கழிச்சு நிறுத்தணுமா?"

அக்கா போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். அவர் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெரியவரிடம், "ஐயா, மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. இது வெறும் கஞ்சி மாவுதான். எழுதினது தப்பு" என்று சொன்னேன். அவர் கேட்டதால் தெரிந்தது. கேட்காமலே நிறுத்தியவர் எவராவது இருந்தால்?

விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். சத்துமாவில் பயறும் கடலையும் இருந்தாலும் பெரும்பங்கு தானியம், அதாவது மாவுச்சத்து. அதையும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். முழுத் தானியத்தை மென்று சாப்பிடுவதும் இதுவும் ஒன்றல்ல. வெல்லம் வேறு போட்டால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோயாளி குடிக்கலாமா, எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1954-லேயே, மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. உணவுப் பொருள் விளம்பரத்தில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதற்கு 2018-ல் தனி விதிமுறைகளும் வந்திருக்கின்றன. 'வாட்ஸ்அப்பில்தானே போட்டேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படியானால் என்னதான் எழுதுவது? உள்ளதை எழுதுங்கள். அக்கா இப்போது எழுதுவது இதுதான்: 'கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, ஏலக்காய் சேர்த்தது. சர்க்கரை, பால் பவுடர் இல்லை. செவ்வாய்க்கிழமை அரைத்தது.' முந்திரியும் கோதுமையும் இருக்கிறது என்று சொல்வது வெறும் விவரம் இல்லை. அவை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த ஒரு வரிதான் உயிர் காக்கும். கைக்குழந்தைக்குக் கேட்டு வருகிறவரிடம், ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வியாபாரம் போகாது. ஆறு மாதம் கழித்து உங்களிடம்தான் வருவார்!

இன்னொன்று. வீட்டில் தயாரித்தாலும் உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். பதினான்கு இலக்க எண் தருவார்கள். அதைப் பாக்கெட்டில் அச்சடியுங்கள், படத்திலும் தெரிகிற மாதிரி வையுங்கள். யாராவது இன்ஸ்டாகிராம் பிரபலத்துக்குக் காசோ பொருளோ கொடுத்துப் பாராட்டச் சொன்னால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட வேண்டும். 2021-ல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் வகுத்த நெறி இது.

பணம் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், பின் நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பக்கெட் அரிசி

பொருள் விற்காமல், நல்ல காரியத்துக்காகக் கேட்கிறவர்களுக்கு வருவோம். 2014-ல் அமெரிக்காவில் ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு வீடியோ போட்டார்களே, நினைவிருக்கிறதா? ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோய் ஆராய்ச்சிக்காக நடந்தது அது. விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்த நோய். இரண்டே மாதத்துக்குள் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் பதினொன்றரைக் கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில், நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை 2016-ல் கண்டுபிடித்தார்கள்.

அதே ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி, தண்ணீருக்குப் பதில் அரிசி என்று மாற்றினார். ஒரு பக்கெட் அரிசியோ சோறோ பசித்தவர் ஒருவருக்குக் கொடுங்கள், ஒரு படம் போடுங்கள், அவ்வளவுதான். நம் ஊருக்கு இது பொருத்தமாக இருந்ததால் சட்டென்று பரவியது.

இரண்டிலும் ஒரு விஷயம் கவனித்தீர்களா? 'எல்லோரும் உதவுங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. ஐஸ் பக்கெட்டில் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். செய்ய வேண்டியது ஒரே ஒரு சின்ன வேலை. கெடு 24 மணி நேரம். குரூப்பில் பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்காகக் கேட்கும்போது குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் போட்டுவிடாதீர்கள். 2015-ன் சிறார் நீதிச் சட்டம் அவர்களுடைய அடையாளத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. சோறு போடும் பானையைப் படம் எடுங்கள், போதும். செலவுக் கணக்கையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

தேதி போடாத மெசேஜ்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம் என்று மகள் ஒரு மெசேஜ் போட்டாள். ரத்தம் கிடைத்தது. ஆனால் அப்பா பிழைக்கவில்லை. காரியம் முடிந்து எட்டு மாதம் ஆன பிறகும் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அப்பாவுக்கு ரத்தம் இன்னும் வேணுமாம்மா? நான் கிளம்பி வரேன்." கேட்டவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். ஒவ்வொருவருக்கும் அவள் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நம்பரையே மாற்றிவிட்டாள்.

அவள் செய்த பிழை ஒன்றுதான். 'இன்று இரவுக்குள்' என்று எழுதினாள், தேதி எழுதவில்லை. படிக்கிறவருக்கு எந்த நாளும் 'இன்று'தானே!

ஆகவே ரத்தம் கேட்டால் இவ்வளவும் இருக்கட்டும். ரத்த வகை, எத்தனை யூனிட், ஆஸ்பத்திரியின் பெயரும் ஊரும், ரத்த வங்கி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எந்தத் தேதி எத்தனை மணிக்குள், மாதமும் வருடமும், பேச வேண்டிய ஒரே ஒரு நம்பர். கடைசி வரியில் 'இந்தத் தேதிக்குப் பிறகு அனுப்ப வேண்டாம்' என்று போடுங்கள். நோயாளி படுத்திருக்கிற படமும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் வேண்டவே வேண்டாம். அவை ஊர் முழுக்கச் சுற்றும்.

அனுப்பும் முன் மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' தளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பைப் பாருங்கள். பல சமயம் மெசேஜே தேவைப்படாது. கொடுக்க வருகிறவருக்கும் தகுதி உண்டு. வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். போன தடவை கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா எல்லாவற்றுக்கும் பரிசோதித்த பிறகுதான் ஏற்றுவார்கள். ஆகவே நேரம் வைத்துக் கேளுங்கள். காசு கொடுத்தால் ஆள் அனுப்புகிறேன் என்பவரை நம்பாதீர்கள். ரத்தத்துக்கு விலை பேசுவது 1998 ஜனவரி முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது.

வந்த மெசேஜை முன்னே தள்ளும் முன் நீங்களும் அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறி தெரிந்தால் பெரும்பாலும் பழைய சரக்கு. ரத்தம் கிடைத்ததும், அனுப்பிய எல்லா இடத்திலும் 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று எழுதுங்கள். எழுதிய கையோடு பழையதை அழித்தும்விடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரம் வரை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியும். மற்றவர்கள் பரப்பிய பிரதிகள் மட்டும் நிற்கும். அதற்குத்தான் அந்தக் கடைசி வரி.

போன வாரம் கீழ் வீட்டு அக்காவின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். முதலில் செவ்வாய்க்கிழமை அரைத்த மாவு. அதற்கு அடுத்ததாக, 'நேற்றுக் கேட்ட ஓ நெகட்டிவ் கிடைத்துவிட்டது. இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.' அடியில் தேதி போட்டிருந்தார்.