இயங்கத் தொடங்காத மோட்டார் சைக்கிள்

தில்லி மாநகரின் கரோல் பாக் பகுதி மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்புக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள நாயிவாலா சந்துகளில் உதிரி உறுப்புக் கடைகளும் பட்டறைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இமயமலைச் சாலைகளில் பயணம் செய்ய விரும்புவோர் பலர் புல்லட் வண்டியை இங்கு வாடகைக்கோ விலைக்கோ பெற்றுச் செல்கின்றனர். வண்டி கிளம்பாதபோது இவர்களுள் புதியோர் செய்யும் முதற் செயல், களைப்புறும் வரை கிக்கரை மிதிப்பது. அடுத்தது, ஸ்பார்க் பிளக்கையோ பேட்டரியையோ புதிதாக வாங்கிப் பொருத்துவது. இவ்விரண்டும் காரணத்தைத் தேடும் செயல்கள் அல்ல. பட்டறை அருகிலுள்ள நகரத்தில் இவற்றால் நேர்வது பணநட்டம் மட்டுமே. இரு சிற்றூர்களுக்கு இடையே, பொழுது சாயும் வேளையில், தனியே நிற்கும் களப்பணியாளரின் நிலை வேறு.

பெட்ரோல் எஞ்சின் இயங்குவதற்கு மூன்று வேண்டும்: தக்க அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையின் அழுத்தம், உரிய நேரத்தில் எழும் மின்பொறி. ஏறத்தாழ ஒரு கிராம் பெட்ரோல் எரிவதற்குப் பதினான்கு கிராமுக்குச் சற்று மிகுதியான காற்று தேவைப்படும். மூன்றனுள் எது இல்லை என்று கண்டறிவதே நமது வேலை. ஆசிரியர்கள் அழுத்தத்தை வகுப்பில் எளிதாக விளக்கலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துத் தண்டை அழுத்தச் செய்தால், காற்று எதிர்த்துத் தள்ளுவதையும் பம்பின் அடிப்பகுதி சூடாவதையும் மாணவர் உணர்வர்.

கருவி எதையும் எடுக்குமுன் கண்ணால் காணத்தக்கவற்றைக் காண வேண்டும். கைப்பிடியிலுள்ள எஞ்சின் நிறுத்தும் பொத்தான் அணைந்த நிலையில் இருப்பது மிகப் பொதுவான காரணம். வண்டியைத் துடைக்கும்போது கை பட்டாலே அது மாறிவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் பக்கத் தாங்கியை மடக்காமல் கியரிட்டால் எஞ்சின் இயங்காது. சிலவற்றில் கிளட்சையும் பிடிக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியைத் திறந்து நேரில் பார்க்க வேண்டும். அளவுகாட்டியை மட்டும் நம்புதல் தகாது. பழைய வண்டியாயின் பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா, சேமிப்பு நிலைக்குத் திருப்ப வேண்டுமா என்று நோக்குக. தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி இயங்குமாயின் பழுது அத்துளையில்தான்.

இவற்றில் குறை இல்லையெனில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் நிகழ்வதை நமக்கு அறிவிக்கும் சான்று இதுவே. பலமுறை மிதித்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றை நோக்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. கரும்புகை படிந்திருப்பது கலவையில் பெட்ரோல் மிகுதி என்பதற்கு அடையாளம்.

பொறியைச் சோதிக்கும்போது கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் மீண்டும் செருகி, உலோகப் பகுதி எஞ்சின் உலோகத்தின்மீது நன்கு படியுமாறு வைத்து, கிக்கரை மிதிக்க வேண்டும். நிழலில் பார்த்தால் நீலப் பொறி தெளிவாகத் தெரியும். இங்கு இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. பிளக் இருந்த துளையின் வழியே பெட்ரோல் ஆவி வெளிப்படும். ஆதலின் பொறியை அத்துளைக்கு அருகில் எழச் செய்தல் கூடாது. மேலும், பிளக் உலோகத்தைத் தொடாத நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் மின்னணுப் பற்றவைப்புக் கருவி கெடக்கூடும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி நீங்கிய பின்னரே சோதனையைத் தொடங்குக.

பெட்ரோல் மிகுந்து எஞ்சின் நனைந்திருந்தால் சோக்கை நீக்கி, பெட்ரோல் குழாயை மூடி, சாவியை அணைத்து, த்ராட்டிலை முழுதும் திறந்து ஏழெட்டு முறை மிதித்தால் மிகுதி வெளியேறும். சோக் என்பது குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டும் உரியது. குளிரில் பெட்ரோல் நன்கு ஆவியாகாமையால் அதன் பங்கைச் சற்றே கூட்டுவது அதன் பணி. தில்லியின் சனவரிக் காலையில் பழகிய ஒருவர் லடாக்கின் கர்துங் லா கணவாயில், சூடான வண்டி நின்றதும், பழக்கத்தால் சோக்கை இழுப்பார். கடல் மட்டத்துக்கு 5,300 மீட்டருக்கு மேல் உள்ள அவ்விடத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியே. கார்புரேட்டர் வண்டியில் அங்கு ஏற்கெனவே பெட்ரோல் மிகுதி. சோக் அதை மேலும் மிகுவிக்கும்.

பழைய புல்லட்டைப் பற்றித் தனியே கூற வேண்டும். 1955-இல் சென்னையில் பொருத்தத் தொடங்கப்பட்ட இவ்வண்டியின் பழைய வகைகள் இன்றும் கரோல் பாக் பட்டறைகளுக்கு வருகின்றன. 350 சி.சி. எனப்படும் இதன் ஒற்றை சிலிண்டரின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். இதைக் கிளப்ப வலிமையைவிட முறையே தேவை. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பின் நடுவுக்குத் திரும்பும். அதுவே காண்டாக்ட் பாயிண்ட் திறந்து, பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியை நெருங்கிய நிலை. அப்போது டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிது நகர்த்தி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் முழுதும் மிதிக்க வேண்டும். இம்முறையை விடுத்துக் கண்டபடி மிதித்தால் கிக்கர் எதிர்த்து அடித்துக் கணுக்காலையும் முழங்காலையும் புண்படுத்தும். காலணியின்றி மிதித்தல் ஒருபோதும் கூடாது.

மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லையெனில் அழுத்தம் கசிகிறது. வால்வு பழுதென்று அஞ்சுமுன் டிகம்ப்ரஸர் கம்பியைப் பார்க்க வேண்டும். அது இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் சிறு வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். கம்பியைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. மின்பம்பு பெட்ரோலைச் செலுத்துகிறது. சாவியைத் திருப்பியதும் தொட்டியினுள் இரண்டொரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் நிறுத்தும் பொத்தானையும் பியூஸையும் நோக்குக. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளில் பூஞ்சணம் படிந்திருக்கலாம். முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். பேட்டரி முற்றும் தீர்ந்த இவ்வகை வண்டியைத் தள்ளிக் கிளப்ப முயல்வதால் பெரும்பாலும் பயனில்லை. பம்புக்கே மின்சாரம் இராது.

மழைக்காலத்துக்குரிய பழுது ஒன்று உண்டு. தில்லியின் மின்டோ பாலத்தடியில் பெருமழையின்போது நீர் தேங்குவதை யாவரும் அறிவர். அத்தகைய நீரில் நின்றுவிட்ட வண்டியைக் கிளப்ப முயலக்கூடாது. நீர் காற்றைப்போல் அழுந்தாது. சிலிண்டரில் அது புகுந்திருந்தால், ஸ்டார்ட்டரின் விசையாலேயே கனெக்டிங் ராடு வளையலாம். வண்டியை மேட்டுக்குத் தள்ளிச் சென்று, காற்று வடிகட்டி நனைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்தபடியே, கிக்கர் இல்லாத வண்டியாயின் உயர் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, நீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறம் கொண்டிருந்தால், அதை மாற்றும் வரை வண்டியை இயக்குதல் கூடாது.