தீவு மண்ணும் தீவுக் குப்பையும்: கிரிபட்டி நாடு காட்டும் வழி

நிலத்தில் விளைந்ததை நிலத்திற்கே எருவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது உழவர்கள் நன்கு அறிந்த பாடமாகும். ஆனால், நிலத்தில் விளையாத பொருள்களும் இன்று வீடுதோறும் வந்து சேருகின்றன. தகர டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், பழைய பாட்டரி ஆகியவற்றை எங்கே திருப்பித் தருவது? பெரிய நாடுகளில் இந்தக் கேள்வியைச் சில காலம் தள்ளிப்போடலாம். குப்பையை ஊருக்கு வெளியே கொட்டிவிட்டு மறந்துவிடலாம். சிறு தீவில் "ஊருக்கு வெளியே" என்று ஓர் இடமே இல்லை. ஆகவே இக்கேள்விக்கு விடை காண வேண்டிய கட்டாயம் தீவு மக்களுக்கு ஏற்பட்டது. பசிபிக் மாகடலில் உள்ள கிரிபட்டி நாடு கண்ட விடையை இங்கு காண்போம்.

நாடும் நிலமும்

கிரிபட்டி 1979-ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாடாகும். இதில் 33 தீவுகள் உள்ளன. மொத்த நிலப்பரப்பு சுமார் 811 சதுர கிலோமீட்டர். தீவுகள் பெரும்பாலும் பவளப் பாறையின் மேல் மணல் படிந்து உண்டானவை. கடல் மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரமே உடையவை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகரான தெற்குத் தாராவா என்ற ஒடுங்கிய நிலத்துண்டில் நெருங்கி வாழ்கின்றனர்.

பவளத் தீவின் மண் சுண்ணாம்பு மிகுந்தது. அதன் கார அமில நிலை 8-க்கு மேல் இருக்கும். ஆகவே இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகிய நுண்ணூட்டங்கள் மண்ணில் இருப்பினும் பயிருக்கு எளிதில் கிட்டுவதில்லை. மணற்பாங்கான மண்ணாதலால் ஈரமும் நிற்பதில்லை. அங்ககப் பொருள் ஒன்றே இம்மண்ணைப் பயிருக்கு ஏற்றதாக ஆக்குகிறது.

பெரும்பாலான தீவுகளில் ஆறோ நன்னீர் ஏரியோ இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆதலால் நிலத்தடியில் உள்ள கடல் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறு, பயிர் ஆகிய இரண்டிற்கும் இந்த நீரே ஆதாரம்.

பபாய்க் குழி

இம்மக்கள் தொன்றுதொட்டு வளர்க்கும் பயிர் பபாய் ஆகும். இது சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கிழங்குப் பயிர். நன்னீர் மட்டத்தைத் தொடும் வரை குழி தோண்டி, அதன் அடியில் இதனை நடுகிறார்கள். செடியைச் சுற்றி, தாழை அல்லது தென்னை ஓலையால் முடைந்த அடியில்லாக் கூடையை வைத்து, அதனுள் தழைகளையும் கரிய மேல்மண்ணையும் மாறி மாறி நிரப்புகிறார்கள். சீமைப்பலா, பன்னீர் மரம், நீர்ப்பருத்தி போன்றவற்றின் இலைகள் இதற்குப் பயன்படுகின்றன. தழை மக்கி உள்ளே இறங்க இறங்க, மேலே புதுத் தழை இடப்படுகிறது. பவளத் தீவுகளில் சிலர் மரம் நடும் குழியில் துருப்பிடித்த தகரத்தை இடுவதும் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்த மண்ணுக்கு இது ஓரளவு உதவும்.

ஆக, வெளியே வீசும் பொருள் என்று முற்காலத்துத் தீவில் அனேகமாக எதுவும் இல்லை. தழை மண்ணுக்குச் சென்றது. சமையல் மிச்சம் பன்றிக்குச் சென்றது.

கேடு எப்படி வந்தது?

அரிசி, மாவு, டின் இறைச்சி, குளிர்பானம் ஆகியவை கப்பலில் வரத் தொடங்கின. உணவு உண்ணப்பட்டது, உறை தங்கிவிட்டது. வரும்போது நிறைந்து வரும் கப்பல், போகும்போது காலியான பெட்டகங்களையே பெரிதும் ஏற்றிச் செல்கிறது. இவ்வாறு ஆண்டுதோறும் தங்கிய குப்பை, கடற்கரையிலும் குடியிருப்புகளுக்கு இடையிலும் குவிந்தது.

இதில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைவிடத் தெரியாத அழுக்கே கொடியது. மோட்டார் வண்டியின் பாட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. மணலில் எறியப்பட்ட பாட்டரியின் கசிவு மழையோடு நன்னீர்ப் படலத்தில் கலக்கிறது. கிணற்று நீரும் பபாய்க் குழியின் நீரும் அதே நீர்தான். கெட்டுப்போன நீரை மாற்றிக்கொள்வது அங்கு எளிதன்று.

முன்பணத் திட்டம்

இதற்கென 2004-ஆம் ஆண்டு கிரிபட்டி அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன் கீழ் நடைபெறும் திட்டத்திற்கு "கவோகி மாங்கே" என்று பெயர். "குப்பையைத் திருப்பி அனுப்பு" என்பது இதன் பொருள். திட்டம் செயல்படும் முறை வருமாறு (இங்கு சென்ட் என்பது நாணயம், 100 சென்ட் ஓர் ஆஸ்திரேலிய டாலர்):

1. அலுமினிய டின்னிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ பானம் இறக்குமதி செய்பவர், ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் முன்பணமாகச் சுங்கத்தில் கட்ட வேண்டும்.
2. இப்பணம் தனி நிதியில் வைக்கப்படுகிறது. அரசின் பிற செலவுகளுடன் கலப்பதில்லை.
3. காலி டின்னைச் சேகரிப்பு நிலையத்தில் கொடுப்பவருக்கு 4 சென்ட் கிடைக்கும்.
4. மீதி 1 சென்ட் நிலையத்தை நடத்துபவருக்குச் சேரும்.
5. டின்கள் எந்திரத்தால் அழுத்திக் கட்டப்பட்டு வெளிநாட்டுக்கு விற்கப்படுகின்றன.

1000 டின்களுக்குக் கணக்கிட்டால், கட்டிய பணம் 50 டாலர். பொறுக்கியவருக்கு 40 டாலர். நிலையத்திற்கு 10 டாலர். இதற்கு மேல் உலோகத்தின் விலையும் உண்டு. குடித்தவர் வீசி எறிந்தாலும், சிறுவனோ மூதாட்டியோ அதைப் பொறுக்கி வந்து காசாக்கிக் கொள்ளலாம். எனவே காவலரும் அபராதமும் இல்லாமலே டின் நிலையத்திற்கு வந்து சேருகிறது. பாட்டரிகளும் முன்பணத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

எஞ்சிய குப்பைக்குப் "பச்சைப் பை" முறை வந்தது. மக்காத குப்பையைக் கடையில் வாங்கிய பச்சைப் பையில் கட்டி வைத்தால், வண்டி வந்து எடுத்துச் செல்லும். பையின் விலையிலேயே அப்புறப்படுத்தும் செலவின் ஒரு பங்கு அடங்கியுள்ளது. தழையும் சமையல் கழிவும் வீட்டிலேயே எருவாக வேண்டும் என்பது அறிவுரை. தீவுகளின் வீட்டுக் குப்பையில் இவற்றின் பங்கு பெரிதாகையால், பிரித்தவுடனேயே சுமை குறைந்துவிடுகிறது. மண்ணுக்கும் எரு கிடைக்கிறது.

ஆட்களைப் பழக்குதல்

எந்திரமும் சட்டமும் மட்டும் போதா. முன்பணத்தைச் சரியாக வசூலிக்கும் சுங்க ஊழியர், எண்ணிக்கையும் கணக்கும் தவறாமல் எழுதும் நிலையக்காரர், பழுதான அழுத்தும் எந்திரத்தை உள்ளூரிலேயே சீர்செய்யும் மெக்கானிக், பாட்டரி போன்ற தீங்கான கழிவை ஏற்றுமதி செய்யத் தேவையான அனுமதித் தாள்களை ஆயத்தம் செய்யும் அலுவலர் ஆகியோர் வேண்டும். இவர்களில் ஒருவர் இல்லாவிடினும் சங்கிலி அறுந்துவிடும்.

இதனை உணர்ந்து பசிபிக் தீவு நாடுகள் கூடிச் செயல்படுகின்றன. 2011-ஆம் ஆண்டு முதல் ஜப்பான் நாட்டின் உதவியுடன் பல தீவு நாடுகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. குறைத்தல், மீண்டும் பயன்படுத்துதல், மறுசுழற்சி செய்தல் ஆகிய மூன்றுடன் "திருப்பி அனுப்புதல்" என்ற நான்காவதும் இங்கு கற்பிக்கப்படுகிறது.

திருப்பி அனுப்ப இயலாத குப்பையைப் புதைக்கும் முறைக்குச் சமோவா நாட்டின் தாஃபாய்கட்டா கிடங்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானில் உருவான ஃபுக்குவோக்கா முறைப்படி, குப்பையின் அடியில் துளையிட்ட குழாய்கள் பதிக்கப்படுகின்றன. கசிவு நீர் இவற்றின் வழியே வடிகிறது, காற்று உட்புகுகிறது. இதனால் குப்பை விரைவில் மக்குகிறது, கசிவின் நச்சும் குறைகிறது.

கப்பல் கூலியும் ஒரு பெரும் தடையாகும். 2018-ஆம் ஆண்டு பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் திட்டச் செயலகமும் சீனா நேவிகேஷன் கம்பெனியும் "மோவானா டாக்கா" என்ற உடன்பாட்டைச் செய்துகொண்டன. இதன்படி, காலியாகத் திரும்பும் பெட்டகங்களில் தீவுகளின் மறுசுழற்சிக் கழிவு கூலியின்றி ஏற்றிச் செல்லப்படுகிறது.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

தீவின் பாடம் இரண்டு வரியில் அடங்கும். மண்ணில் பிறந்தது மண்ணுக்குத் திரும்ப வேண்டும். கடையிலிருந்து வந்தது கடைவழியே திரும்ப வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் இரண்டும் கெடும். நமது எருக்குழிக்கும் இது பொருந்தும்:

1. எருக்குழியில் தழை, சாணம், சமையல் கழிவு தவிர வேறெதுவும் இடலாகாது. பிளாஸ்டிக் தாள் மக்காமல் வயலுக்குச் சென்று, நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கும்.
2. பழைய பாட்டரியை உடைக்கவோ, கிணற்றருகே போட்டு வைக்கவோ கூடாது. புதியது வாங்கும்போது கடையில் திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.
3. பூச்சி மருந்துப் புட்டி காலியானதும் கால் பங்கு நீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை கழுவிய பின், வேறு எதற்கும் பயன்படாதவாறு புட்டியைத் துளையிட வேண்டும்.

கிரிபட்டி மக்களுக்கு நிலமும் நீரும் மிகக் குறைவு. ஆகவே தவற்றின் விளைவு உடனே தெரிந்தது. நமக்கு நிலம் சற்று அதிகம். விளைவு தெரியச் சற்றுக் காலமாகும், அவ்வளவே. எருக்குழியையும் கிணற்றையும் இன்றே பார்வையிட்டு, கலந்து கிடப்பதைப் பிரித்து வைப்பது நலம்.