பூக்கோசின் மணம்

குளிர்காலம் பிறந்ததும் தில்லி ஆசாத்பூர் சந்தையில் பூக்கோசு மலைபோல் குவியும். இக்காய் நம் நாட்டில் தோன்றியதன்று. 1822ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த விதைகள் சகாரன்பூரில் பயிரிடப்பட்டன.

முழுப் பூக்கோசை முகர்ந்தால் மணம் மிகக் குறைவே. அதையே நறுக்கினால் நெடி எழுகிறது. அந்நெடி இதுவரை எங்கே ஒளிந்திருந்தது? உண்மையில் அது எங்கும் இல்லை, நறுக்கும்போதுதான் உருவாகிறது. பூக்கோசு, முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியன ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் திசுக்களில் குளுக்கோசினோலேட்டு என்னும் கந்தகச் சேர்மங்கள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் இருக்கின்றன. கத்தி பட்டாலோ புழு கடித்தாலோ திசு சிதைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறக்கும் ஐசோதயோசயனேட்டுகளே நெடிக்கு முதன்மைக் காரணம். கடுகை அரைக்கையில் கண் கலங்குவதும் இவற்றால்தான். பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளச் செடிக்கு இவை கருவியாகின்றன. ஆயினும், கோசு வெள்ளைப் பட்டாம்பூச்சி இச்சேர்மங்களையே அடையாளமாகக் கொண்டு செடியைத் தேடிவந்து முட்டையிடுகிறது!

பறித்த பின்னும் பூக்கோசு உயிருள்ளது, சுவாசிக்கிறது. அதனைக் காற்றுப் புகாத நெகிழிப்பையில் இறுகக் கட்டினால், உள்ளிருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். அந்நிலையில் மீத்தேன்தயால் முதலிய கந்தக வாயுக்கள் உண்டாகின்றன. பையைத் திறந்ததும் முகம் சுளிக்க வைக்கும் வாடை வீசும். காய் அழுகிவிட்டது என்று பலர் எறிந்துவிடுவர். ஆனால் அழுகாமலே, மூச்சுத் திணறியதாலும் அவ்வாடை எழக்கூடும். ஆகவே துளையுள்ள பையே ஏற்றது.

குளிர்ச்சி சுவாசத்தை மெதுவாக்கும். 0 டிகிரி செல்சியசில், ஈரப்பதம் மிகுந்த கிடங்கில், பூக்கோசு ஏறத்தாழ மூன்று வாரம் நன்றாக இருக்கும். 10 டிகிரியில் ஐந்து நாள் தாங்குவதே அரிது. பழுத்த ஆப்பிளை அருகில் வைத்தலும் தவறு. அது வெளிவிடும் எத்திலீன் வாயுவால் இலைகள் மஞ்சளாகி உதிரும். பூவின் வெண்மையும் மங்கும்.

வாடையைப் போக்கக் கருதி நெடுநேரம் வேகவைப்போர் உண்டு. அது பயனற்ற முயற்சி. வேகவேகக் கந்தக வாயுக்கள் மிகுமேயன்றிக் குறையா.

சொற்பொருள்: நெடி – மூக்கைத் துளைக்கும் காரமணம், சுளித்தல் – சுருக்குதல், ஏறத்தாழ – சுமாராக.

பயிற்சி
1. நறுக்கும் முன் பூக்கோசில் நெடி குறைவாக இருப்பது ஏன்?
2. ‘மூச்சுத் திணறியதாலும்’ என்று ஆசிரியர் கூறுவதன் பொருளை விளக்குக.
3. உங்கள் வீட்டில் காய்கறிகளைச் சேமிக்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.