பழைய கார் கேள்வி-பதில்: சூடு ஏறினால் காரணத்தைத் தேடுங்கள்

கேள்வி: என் 1978 அம்பாசடர் பைபாஸில் போனால் சூடாகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அப்படியும் முள் இறங்கவில்லை. ரேடியேட்டரையே மாற்றிவிடலாமா? (சேலம்)

பதில்: முதலில் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று பட்டறைக்குப் பட்டறை கழற்றி எறிகிறார்கள், நல்ல இன்ஜின்கள் வீணாகின்றன. 82 டிகிரி தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும். இன்ஜின் கொதிக்கும் நேரத்தில் அது முழுதாகத் திறந்தே நிற்கும். திறந்து கிடக்கும் கதவைப் பெயர்த்தெடுத்தால் கூடுதல் காற்று வந்துவிடுமா? மூடியபடி இறுகிப்போயிருந்தால்தான் கழற்றிப் பலன். அப்போதும் புதிது போடுவதே சரி. சந்தேகமென்றால் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் சூடாக்கிப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரமாகும். அதுவரை பெட்ரோல் வீணாகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். ஆயிலில் ஈரம் சேர்ந்து கசடு கட்டும். சூட்டுக்கான உண்மைக் காரணமோ அப்படியே இருக்கும்.

வேகத்தில் மட்டும் சூடேறினால் மூன்றைப் பாருங்கள். இன்ஜினை முடுக்கும்போது கீழ் ஹோஸ் சப்பிப்போகிறதா? பம்ப் உறிஞ்சும்போது தளர்ந்த ரப்பர் ஒட்டிக்கொள்ளும். டைமிங் பின்தங்கியிருக்கிறதா? ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பா? அடைப்பென்றாலும் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். புது ரேடியேட்டர் கடைசிப் பேச்சு.

கேள்வி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. உப்பு பிளாக்குக்குள் படிந்துவிடும். சுத்திகரித்த டிஸ்டில்டு வாட்டரும், செம்பு, பித்தளை, ஈயப்பற்று மூன்றுக்கும் ஏற்றதென்று டப்பாவில் போட்டிருக்கும் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: விளிம்பு வரை நிரப்பினாலும் தினமும் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? பயமாக இருக்கிறது. (காரைக்குடி)

பதில்: பயப்படாதீர்கள். சூட்டில் தண்ணீர் விரியும். வழிவதைப் பிடிக்கத் தனி டப்பா இல்லாத பழைய காரில் அது வெளியேறத்தான் வேண்டும். நிரப்புவதை நிறுத்திப் பாருங்கள், ஓர் அளவில் நின்றுவிடும். நிற்காமல் குறைந்துகொண்டே போனால், இன்ஜின் ஆறியிருக்கையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்தாலோ, ஆயில் பால் போல வெளுத்திருந்தாலோ ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கேள்வி: என் பத்மினி கார் வெயிலில் சிக்னலில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது; அரை மணி கழித்துத்தான் ஆகிறது. முள் நடுவில்தான் நிற்கிறது. (மதுரை)

பதில்: ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் அப்போதைக்குக் கிளம்பும். பிறகு குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி: குன்னூர் மலையேறும்போது மட்டும் கொதிக்கிறது. (கோவை)

பதில்: மூன்றாவது கியரில் திணற விடாதீர்கள், இரண்டாவதுக்கு இறங்குங்கள். இன்ஜின் சுற்றினால்தான் பேனும் பம்பும் சுற்றும். பெல்ட்டை அழுத்திப் பாருங்கள்: அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் தளர்வு.

கேள்வி: கொதிக்கும்போது துணி போட்டு மூடியைத் திறக்கலாமா? (வேலூர்)

பதில்: ஒருபோதும் வேண்டாம். 7 பவுண்டு மூடி போட்டால் தண்ணீர் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற வரை பொறுங்கள்.